கொல்லத்துக்கு வழி கேட்ட தூதர்

கடலும் காயலும்: வரலாற்றுத் தொடர், பகுதி 14

கி.பி. 1281. சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் சமயம். பாண்டிய நாட்டுக் கரையில் ஒரு சீனக் கப்பல் வந்து நங்கூரம் பாய்ச்சியது. வந்தவர் யாங் டிங்பி, மங்கோலியப் பேரரசர் குப்லாய்கானின் தூதர். அவர் போகவேண்டிய ஊர் இதுவல்ல, கொல்லம். அந்த ஆண்டின் முதல் மாதத்தில் தென்சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கப்பலேறி மூன்று மாதம் ஓடி, ஈழத்தை நெருங்கியபோது காற்று எதிர்த்துக்கொண்டது. கப்பலில் சாப்பாடும் தீர்ந்துகொண்டிருந்தது. மாலுமிகள் ஒரு யோசனை சொன்னார்கள்: மாபாரில் இறங்கிவிடுவோம், அங்கிருந்து தரைவழியாகவே கொல்லம் போய்விடலாம். மாபார் என்பது அராபியரும் சீனரும் பாண்டிய நாட்டுக் கரைக்கு வைத்திருந்த பெயர்.

இறங்கிய கையோடு அங்கிருந்த அமைச்சரைப் பார்த்து, கொல்லத்துக்குப் போகத் தரைவழி வேண்டும் என்று கேட்டார் தூதர். அப்படி ஒரு வழியே கிடையாது என்று பதில் வந்தது. இன்னோர் அமைச்சரிடம் கேட்டார். அவர் வேறு ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். சீனர்கள் பிற்பாடு தொகுத்த யுவான் வம்ச வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

ராஜபாளையத்துக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். திருமங்கலத்தில் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய், புனலூர் என்று போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடமே கொல்லம்தான். சென்னை எழும்பூரிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரிலும் நின்றுவிட்டுத்தான் மலையேறுகிறது. நெடுஞ்சாலையும் தண்டவாளமும் பிற்காலத்தவை. கணவாய் அப்படியல்ல. பாண்டிய நாட்டுக்கும் கொல்லம் அடங்கிய வேணாட்டுக்கும் போக்குவரத்து இல்லாத நூற்றாண்டு எது?

வழி இல்லை என்றது அரசியல் பதில். ஒருநாள் விடியற்காலையில் இரண்டு பேர் தூதரின் விடுதிக்கு இரகசியமாக வந்து உண்மையைச் சொல்லிவிட்டார்கள்: பாண்டிய நாட்டை ஆளும் சகோதரர் ஐவரும் ஒன்றுகூடிக் கொல்லத்தின்மேல் படையெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். எதிரி ஊருக்குப் போகும் மங்கோலியத் தூதனுக்கு எந்த அமைச்சர் வழி காட்டுவார்? 1268-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகரனுக்குக் ‘கொல்லங்கொண்ட பாண்டியன்’ என்றே ஒரு பட்டம் உண்டு. இல்லாத வழியில் போய் யாரும் ஊரைப் பிடிப்பதில்லை.

இந்தத் தூதர் கடலில் இருந்த நாட்களில் அவர் கிளம்பிய ஊரில் என்ன நடந்தது என்பதுதான் இன்னும் சுவையானது. 1956-ல் சுவான்சௌவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், செகசைக் கானின் ஆணைப்படி, கானுடைய உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. செகசைக் கான் என்று சொல்வது குப்லாய்கானைத்தான். கடைசி வரி மட்டும் சீன எழுத்து. கல்வெட்டின் நாள்: சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது கி.பி. 1281. குப்லாயின் தூதர் பாண்டியக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்த அதே சித்திரையில், தமிழர் ஒருவர் குப்லாயின் நாட்டில் அவர் நலத்துக்காகச் சிவனைப் பிரதிட்டை செய்திருக்கிறார்.

நாள் குறித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். கோயிலுக்கு அனுமதி கொடுத்தவர் கான். நலம் வேண்டுவதும் அவருக்கே. ஆனால் நாள் மட்டும் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தின்படி. சகம், சூரிய மாதம், நட்சத்திரம்: மதுரைப் பக்கம் ஒரு கல்லில் வெட்டுவதுபோலவே சுவான்சௌவிலும் வெட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஊரில் இருந்த தமிழ் வணிகர் கூட்டத்தில் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவராவது இருந்திருக்க வேண்டும்.

(பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் வரும். அவற்றைத் திருப்பிக் கணக்கிட்டுத்தான் கீல்ஹார்னும் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் பாண்டியர் பட்டமேற்ற ஆண்டுகளை நிலைநாட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாகத் திருப்பாவையில் வரும் குறிப்பை வைத்துக்கொண்டு ஆண்டாள் காலம் 731 என்று மு. இராகவையங்கார் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு என்போரும் அதே குறிப்பைத்தான் காட்டுகிறார்கள்.)

இப்போது வடக்கே போவோம். யாங் டிங்பி கப்பலேறிய அந்த முதல் மாதம், சீனத்தில் ஒரு புதிய பஞ்சாங்கத்தின் முதல் மாதமும்கூட. ஷௌஷி என்று அதற்குப் பெயர். வடசீனம் ஏற்கெனவே மங்கோலியர் கையில். 1276-ல் தென்சீனத்தின் தலைநகரும் விழுந்தது. நாடு ஒன்றானது, பஞ்சாங்கம் ஒன்றாகவில்லை. சீன மரபில் பஞ்சாங்கம் வெளியிடுவது அரசனின் உரிமை. எவன் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறாயோ அவன் குடி நீ. ஆகவே அந்த ஆண்டே புதுப் பஞ்சாங்கம் செய்யக் கட்டளை போட்டார் குப்லாய். வாங் சுன், சூ ஹெங், குவோ ஷௌஜிங் ஆகியோர் பொறுப்பேற்றார்கள். வாங் சுன்னும் சூ ஹெங்கும் 1281-லேயே இறந்துவிட, மிச்ச வேலையை முடித்தவர் குவோ ஷௌஜிங்.

அவர் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நண்பகலில் ஒரு கம்பத்தின் நிழல் எந்த நாளில் மிக நீளமாக விழுகிறதோ அது தட்சிணாயனம் முடிகிற நாள். நிழலை அளக்க அளக்க ஆண்டின் நீளம் தெரிந்துவிடும். சீனர் வழக்கமாக நட்டது 8 அடிக் கம்பம் (அவர்கள் அடி நம் அடியைவிடச் சற்றுச் சிறியது). குவோ அதை ஐந்து மடங்காக்கி 40 அடிக்கு உயர்த்தினார். கம்பம் உயர்ந்தால் நிழல் நீளும், அளவு நுட்பமாகும். ஆனால் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் மங்கிப் பரவிவிடும். எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் கண்ட வழி, ஊசித்துளை போட்ட ஒரு செப்புத் தகடு. கம்பத்தின் உச்சியில் குறுக்குச் சட்டம். கீழே அளவுகோலின்மேல் தகட்டை நகர்த்திக்கொண்டே போனால், துளை வழியே சூரியனின் சிறு உருவம் விழும். அந்த ஒளிப்பொட்டை நடுவில் குறுக்குச் சட்டத்தின் கோடு வெட்டும் இடத்தில் நிறுத்தி அளந்துகொள்ள வேண்டியது. ஹெனான் மாகாணத்துத் தெங்ஃபெங் அருகே அவர் கட்டிய அளவுமேடை இன்றும் நிற்கிறது. ஷௌஷிப் பஞ்சாங்கத்தில் ஆண்டுக்கு 365.2425 நாள். நாம் சுவரில் மாட்டும் ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டும் அதேதான். ஐரோப்பாவில் அது நடைமுறைக்கு வந்தது 1582-ல்.

இந்தப் பணி தொடங்குவதற்கு முன்பே, 1267-ல், ஜமாலுத்தீன் என்ற முஸ்லிம் வானியலறிஞர் குப்லாய் அவையில் ஏழு கருவிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் ஒன்று மரத்தால் செய்த பூமி உருண்டை. ஏழு பங்கு நீர், பச்சை. மூன்று பங்கு நிலம், வெள்ளை. குறுக்கும் நெடுக்கும் கோடுகள். பூமியைச் சதுரமாக நினைத்துப் பழகிய சீன அறிஞர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்திருப்பார்கள். பார்த்ததோடு சரி. 1271-ல் முஸ்லிம் வானியலறிஞர்களுக்குத் தனி அலுவலகம் அமைத்து ஜமாலுத்தீனை அதன் தலைவராக்கினார் குப்லாய். சீன அலுவலகம் ஒரு பக்கம், முஸ்லிம் அலுவலகம் ஒரு பக்கம். ஒரே அரசனிடம் சம்பளம், ஒரே வானம், இரண்டு கணக்கு. அந்த முஸ்லிம் கணிதமுறையை முறையாகச் சீனத்தில் மொழிபெயர்க்க உத்தரவிட்டது 1382-ல், மங்கோலியரை விரட்டிவிட்டு வந்த மிங் அரசர்.

மங்கோலியப் பேரரசின் மறு கோடியில் நிலைமை கொஞ்சம் வேறு. குப்லாயின் தம்பி ஹுலாகு பாரசீகத்தை அடக்கி, 1258-ல் பாக்தாத்தைச் சூறையாடி, கலீபாவைக் கொன்றவர். மறு ஆண்டே மராகா என்ற ஊரில் வானாய்வகம் கட்டப் பணம் கொடுத்தவரும் அவரே. அதன் தலைவர் நசீருத்தீன் தூசி. இவர் இஸ்மாயிலிகளின் மலைக்கோட்டையில் இருந்தவர். 1256-ல் கோட்டை விழுந்ததும் ஹுலாகுவிடம் சேர்ந்தார். முஹ்யித்தீன் மக்ரிபி மேற்கே மக்ரிப் நாட்டவர். தம் புரவலரை மங்கோலியர் வெட்டிய அன்று, எனக்கு நட்சத்திரம் பார்க்கத் தெரியும் என்று கத்தி உயிர் பிழைத்து மராகாவுக்கு அனுப்பப்பட்டவர். டமாஸ்கஸிலிருந்து வந்த உர்தீ கருவிகளைச் செய்தார். சிரியக் கிறித்தவ ஆயரான பார்ஹெப்ரேயஸ் அங்கே யூக்ளிட் பாடம் நடத்தினார். அறிஞர்களை ஒன்றுசேர்த்த பெருமையை மங்கோலியருக்குத் தருகிறவர்கள், சேர்த்தது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிப் பேரை வாள்தான் சேர்த்தது.

புதிய கோள் அட்டவணை போடத் தூசி கேட்டது முப்பது ஆண்டு. காரணம் சனி. ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றச் சனிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகும். ஒரு முழுச் சுற்றைக் கண்ணால் பார்க்காமல் அட்டவணை போட்டால் பிழை வரும். ஏழரைச் சனிக்கும் அட்டமச் சனிக்கும் பயப்படுகிற நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஹுலாகுவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, பன்னிரண்டு ஆண்டில் முடி என்றார். அது வியாழனின் ஒரு சுற்று. 1265-ல் ஹுலாகு போய்ச் சேர்ந்தார். ‘இல்கானி’ அட்டவணை 1272 வாக்கில் அவர் மகன் காலத்தில் முடிந்தது. புதிதாகப் பார்த்தது பாதி, பழைய அட்டவணைகளிலிருந்து எடுத்தது பாதி.

அந்த நூலில் நமக்கு வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஹுலாகுவோடு வந்த சீன அறிஞர் ஒருவரிடம் அவர்கள் பஞ்சாங்க முறையைக் கேட்டுக்கொள்ளும்படி தூசிக்கு உத்தரவு. ஃபூ மெங்சி என்பதுபோல அவர் பெயரைப் பாரசீகர் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டே நாளில் தூசி அதைக் கற்றுக்கொண்டாராம். இல்கானி அட்டவணையின் முதற்பகுதியில் ஹிஜ்ரி, பாரசீக, கிரேக்க ஆண்டுமுறைகளோடு சீனமுறையும் இடம்பெற்றது இப்படித்தான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம். இரண்டு நாளில் ஒருவர் பஞ்சாங்கம் கணிக்கக் கற்கலாம். அந்தக் கணக்கு ஏன் அப்படி அமைந்தது என்று கற்க முடியுமா? தூசி எழுதியதைப் பார்த்தால் சூத்திரங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த சீன வானியல் வரவில்லை.

இந்த இரு கோடிக்கும் நடுவில் இருந்தது பாண்டிய நாடு. மத்திய ஆசியாவில் கான்களுக்குள் சண்டை, தரைவழி நம்ப முடியாது. பாரசீகத்துக்கும் சீனத்துக்கும் தூதரும் சரக்கும் கடல்வழியே போனால் பாண்டியர் துறைமுகமான காயலைத் தாண்டித்தான் போகவேண்டும். வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்குச் சொல்கிறார்: மாபாருக்கும் அண்டைத் துறைமுகங்களுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார். குதிரை அனுப்பியவர் கீஷ் தீவின் ஜமாலுத்தீன் தீபி. அவர் தம்பி தகியுத்தீன் இங்கே பாண்டியனிடம் அமைச்சர். விற்பவரும் வாங்கும் இடத்து அமைச்சரும் ஒரே வீடு! இதற்குமேல் விளக்கம் எதற்கு?

வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்தன என்கிறார் 1290-களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரியவில்லை, சமைத்த இறைச்சியும் சோறும் கொடுத்தார்கள் என்று காரணம் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சேர்க்கிறார்: குதிரை வியாபாரிகள் லாடம் கட்டுபவர்களைக் கூட்டிவருவதில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே விற்பனை. போலோ அளப்பவர்தான். ஆனால் இந்த இடத்தில் அவரை நம்பத் தோன்றுகிறது. காயலுக்குக் குதிரை வந்தது, குதிரை வைத்தியம் வரவில்லை.

மங்கோலியர் காலத்து அறிவுப் பரிமாற்றத்தில் தமிழகம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சரக்கு போகும் வழியெல்லாம் கல்வி போகும் என்பது நம் நினைப்பு. வணிகன் விற்றதைத் தருவான், வித்தையைத் தரமாட்டான். ஹுலாகுவைப்போல ஒருவன் பிடித்து உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்த இடத்தில்தான் சீனரும் பாரசீகரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாரசீக அமைச்சர் ரஷீதுத்தீன் உலக வரலாறு எழுதியபோது இந்தியப் பகுதிக்கு உதவியவர் கமலஸ்ரீ என்ற காஷ்மீரத்துப் பௌத்தத் துறவி. பாண்டிய நாட்டிலிருந்து அங்கே போய் உட்கார்ந்த கணிதர் என்று ஒருவர் பெயரும் வரலாற்றில் நிற்கவில்லை.

அதனால் இங்கே வானக்கணக்கு தூங்கிக்கொண்டிருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான ‘வாக்கியகரணம்’ என்ற வடமொழி நூல் காஞ்சிபுரத்துப் பக்கம் எழுதப்பட்டது. அதன் காலம் 1282 வாக்கில் என்று பதிப்பாசிரியர்கள் கணித்திருக்கிறார்கள். மராகாவில் அட்டவணை முடிந்து பத்து ஆண்டு, ஷௌஷி வெளிவந்த மறு ஆண்டு! இதில் கம்பமும் இல்லை, செப்புத் தகடும் இல்லை. 248 வாக்கியங்கள் மனப்பாடம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துகளே எண்கள். 248 நாளில் ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் எங்கே நிற்கும் என்பது அந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது. சந்திரன் வேகமாக ஓடும் இடத்திலிருந்து மறுபடி அதே வேகத்துக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். ஒன்பது முறை வந்தால் 248. அதற்குப் பிறகு முதல் வாக்கியத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதற்காக 3,031 நாள், 12,372 நாள் என்று பெரிய சுற்றுகளும் உண்டு. 1825-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி வெளியிட்ட நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதாமல், மனத்திலிருந்தே அந்த ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியது விவரமாக இருக்கிறது. தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. கருவி ஒன்றும் தொடாதவருக்கு இது பெரிய காரியம்.

இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகிபவர் இந்தக் கணக்கை ஆராய்ந்து, 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கப் பாப்பிரசுகளிலும் இருப்பதைக் காட்டினார். ஹுலாகு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே, எந்தக் கானும் சம்பளம் கொடுக்காமல், ஒரு எண் கடல் தாண்டியிருக்கிறது. மேலே நான் சொன்ன பதிலுக்கு இது இடைஞ்சல்தான். எண் கடல் தாண்டும், அதை விளக்கிச் சொல்ல ஆள் கூடவே வருவது அபூர்வம் என்று திருத்தி வைத்துக்கொள்கிறேன்.

வாக்கியக் கணக்கைத் திருத்தாமல் பிடித்துக்கொண்டதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. அண்மைச் சனிப் பெயர்ச்சி, நவீன வானியல்படி கணிக்கும் திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6. ஒரே சனி, இரண்டு தேதி, நடுவே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. அளந்து பார்த்துத் திருத்துவது நிழல் அளந்த குவோவுக்குத் தொழில். நமக்கு மனப்பாடம் தொழில். பெருமைக்குரியதுதான். ஆனால் சனி இப்போது எங்கே நிற்கிறது என்று வானத்தைப் பார்த்துக் கேட்டால் திருக்கணிதம் சொல்வதே சரி.

யாங் டிங்பி பிற்பாடு கடல்வழியாகவே கொல்லம் போய்ச் சேர்ந்தார். இன்னொரு தூதர் இந்தக் கரையை விட்டுப் போகவே இல்லை. குதிரை வியாபாரி ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அகமதுவை, பாரசீகத்து மங்கோலிய மன்னர் கஸான், 1298 வாக்கில் சீனத்துக்குத் தூதனுப்பினார். நான்காண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்புகையில், மாபாருக்கு இரண்டு நாள் தொலைவில் அவர் இறந்தார். பாண்டிய நாட்டில் அவருடைய சிற்றப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்டு 1305.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பங்கள் இருந்தால், பரணில் கிடக்கும் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடாதீர்கள். எண்போலத் தெரியாமல் வெறும் சொற்றொடராகத் தெரியும் ஏடாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள், அது சந்திர வாக்கியமாக இருக்கலாம். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.

அடுத்த இதழில்: வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், மலைக்கு அப்பால் இருந்த நீலகண்ட சோமயாஜிக்கு அனுப்பிய கேள்விகள்.